இன்னும் முடிவு செய்யாத லவோன்

லவோன் ஹ்ருஸ்காவைப் போல வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவளை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. அவளைத்தான் டிவிக்காரர்கள் 'இன்னும் முடிவு செய்யாத வாக்காளர்' என்று நாடு முழுக்கக் காட்டினார்கள். ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது அந்தப் பேச்சை எடுத்தால் யாராவது ஒருவர் எழுந்து காபி ஊற்றிக்கொள்ளப் போய்விடுகிறார்கள்.

அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு அவள் கல்யாணக் கதையே போதும். எங்கள் மாவட்டமான கவுண்டியின் திருவிழாவில் ஆர்லன் ஒரு பன்றியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். லவோன் பார்த்தாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் என்று சொல்லிவிட்டாள். ஆர்லனுக்கு விஷயம் அடுத்த வாரம்தான் தெரியும். பள்ளிக்கூடச் சமையலறைக்கு அவள்தான் தலைமைச் சமையல்காரி. சில்லி சூப் போடுகிற நாளில் கூடவே சினமன் ரோல் என்கிற இனிப்பு ரொட்டி கொடுப்பது அமெரிக்காவில் எங்கள் அயோவா மாநிலத்தில் சின்ன வயதிலிருந்தே எல்லோரும் பார்த்த வழக்கம். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, சர்க்கரை அதிகம், ரோலை நிறுத்துங்கள் என்றார். லவோன் அவருக்கு ஒன்றைச் சுடச்சுடத் தட்டில் வைத்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆர்லன் சோள அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் டிராக்டரிலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு அவள் வீட்டில் எந்நேரமும் ரேடியோ ஓடும். கேட்கிறாளா என்றால் கேட்பதில்லை. பள்ளிக்கூட வேலை முடிந்ததும் என் கடைக்கு வந்துவிடுவாள். என் கடை என்றால் தானியக் கிடங்குக்கு எதிரே இருக்கிற சாப்பாட்டுக் கடை. 'நீவாவின் கடை' என்று ஜன்னலில் எழுதியிருக்கும். நான்தான் நீவா. லவோனின் ஒரே மகள் ஜனெல் என்னிடம்தான் பரிமாறுகிற வேலை பார்த்தாள். அம்மா வந்து உட்காருவாள், மகள் காபி ஊற்றுவாள், இருவரும் எதையாவது சொல்லிச் சண்டை போட்டுக்கொள்வார்கள். பார்க்கவே நன்றாக இருக்கும்.

இந்த டிவிக் கூத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் ஜனெலுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எங்கள் கவுண்டி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை அதற்கு முந்தின கோடையில்தான் மூடியிருந்தார்கள். வலி எடுத்தது ஜனவரியில், பனிக்காற்று அடிக்கிற ஒரு காலையில். நகரத்து ஆஸ்பத்திரிக்கு நல்ல நாளிலேயே ஒரு மணி நேரப் பயணம். மருமகன் கோடி காரை ஓட்டினான். பின் சீட்டில் லவோன் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை வழியிலேயே பிறந்து, வழியிலேயே போய்விட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் அதைப் பற்றிப் பேசியது கிடையாது. ஜனெலும் பேசியதில்லை. இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள், நானும் காபி பாத்திரத்தை அவள் கையில் கொடுத்தேன்.

இனி டிவி விஷயத்துக்கு வருகிறேன். ஜனாதிபதி தேர்தலுக்கு முந்தின வருஷம் எங்கள் ஊருக்குப் பைத்தியம் பிடிக்கும். கட்சியின் சார்பில் யார் நிற்பது என்று முதலில் முடிவு செய்வது அயோவா என்பதால், நிற்க ஆசைப்படுகிற அத்தனை பேரும் எங்கள் கடைகளுக்கு வந்து கை குலுக்குவார்கள். பிறகு எல்லோரும் டிவி மேடையில் வரிசையாக நின்று, ஒரே கட்சிக்காரர்கள் என்பதையே மறந்து ஒருவரையொருவர் குதறுவார்கள். அந்த விவாதங்களைப் பார்க்க என் கடை நிரம்பிவிடும். விளம்பரம் ஓடும்போதுதான் பேசலாம் என்பது என் சட்டம். வெண்டல் மட்டும் அடங்க மாட்டான். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். யார் என்ன சொன்னார்கள் என்பது அவனுக்கு முக்கியமில்லை, நேரம் முடிந்து மணி அடித்ததும் பேச்சை நிறுத்துகிறவருக்குத்தான் ஓட்டு என்பான். இன்னொருத்தி வேட்பாளரின் மனைவி எங்கே பார்க்கிறாள் என்று மட்டும் கவனிப்பாள். நாட்டின் தலையெழுத்தை நாங்கள் இப்படித்தான் முடிவு செய்கிறோம்.

எங்களிடம் ஒரு மரியாதை உண்டு. எந்த வேட்பாளர் கை கொடுத்து ஆதரவு கேட்டாலும், 'எனக்குப் பிடிச்ச முதல் மூணு பேர்ல நீங்களும் இருக்கீங்க' என்று சொல்லிவிடுவோம். எட்டுப் பேர் வந்தால் எட்டுப் பேரிடமும் அதையே சொல்வோம். மூஞ்சிக்கு நேரே இல்லை என்று சொல்வது எங்களுக்கு வராது. அவர்களுக்கும் அது தெரியும், சிரித்துக்கொண்டே அடுத்த மேஜைக்குப் போவார்கள். இதில் யாருக்கும் நஷ்டம் கிடையாது. லவோனுக்கு ஆனது வேறு.

முதல் விவாதத்துக்கு முன்னால் ஒரு டிவிப் பெண் என் கடைக்கு வந்து, இன்னும் முடிவு செய்யாதவர்கள் யாராவது உண்டா என்று கேட்டாள். எல்லோரும் சட்டையில் ஏதாவது ஒரு வேட்பாளரின் பேட்ஜைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லவோன் அப்போதுதான் உள்ளே வந்தாள். அந்தப் பெண் அவளிடம் கேட்டாள். லவோனும் எங்கள் மரியாதைப்படி, "இன்னும் பாக்கணும்" என்றாள். அவ்வளவுதான். கண்ணாடிக் கதவு மூடுவதற்குள் அவள் பெயரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நகரத்துக் கல்லூரி ஒன்றில் இப்படி இன்னும் முடிவு செய்யாத சுமார் இருபது பேரை உட்கார வைப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் திருகுகிற குமிழ் வைத்த சின்னப் பெட்டி இருக்கும். விவாதம் ஓடும்போது பேச்சு பிடித்தால் ஒரு பக்கம், பிடிக்காவிட்டால் மறு பக்கம் திருக வேண்டும். இருபது பேரின் மனசையும் கூட்டி வகுத்து திரையின் அடியில் ஒரு கோடு ஏறி இறங்கும். விவாதம் முடிந்ததும் தொகுப்பாளர் ஒருவர் வந்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்பார். முதல் தடவையே லவோனை அவருக்குப் பிடித்துப்போயிற்று. முகத்தில் அடித்த மாதிரி பேசுவாள், எல்லோரையும் திட்டுவாள், கடைசியில் 'இன்னும் பாக்கணும்' என்பாள். அதைக் கேட்டு நாடே சிரித்தது.

மறுநாளிலிருந்து அவள் வீட்டில் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒரு வேட்பாளரே ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் பேசினார். மளிகைக் கடையில் அறியாதவர்கள் நிறுத்தி, யார் பக்கம் சாய்கிறீர்கள் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாப்பாட்டு வரிசையில் நின்று, "மிஸஸ் ஹ்ருஸ்கா, இன்னிக்கு சூப்பா, ரொட்டியா? முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேலி செய்தார்கள். வெண்டல் அவளை மதில்மேல் பூனை என்றே கூப்பிட்டான். அவளுக்கு எல்லாம் பிடித்திருந்தது. அவள் வீட்டில் ரேடியோ நின்றுபோயிருந்ததை நான் கவனித்தேன். போன் அடிக்கிற வீட்டில் ரேடியோ எதற்கு? அவள்மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனாலும் இதை மட்டும் நான் அவளுக்காகச் சொல்லத்தான் வேண்டும்.

இலையுதிர் காலத்தில் கவர்னர் மெர்டன் என் கடைக்கு வந்தார். வெகுதூரத்து மாநிலம் ஒன்றின் முன்னாள் கவர்னர். கருத்துக்கணிப்பில் கடைசிக்கு முந்தின இடம். கூட வந்தது நாலு பேர், அதில் ஒருவர் டிரைவர். பன்றிக்கறி வறுவல் வைத்த பன் ஒன்றைக் கேட்டுச் சாப்பிட்டார். ஜனெல் காபி ஊற்றும்போது, இந்தப் பக்கத்தில் பிரசவத்துக்கு எங்கே போவீர்கள் என்று சும்மாதான் கேட்டார். ஜனெல் பாத்திரத்தை மேஜைமேல் வைத்தாள். அவர் எதிரே உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அந்த மனிதரிடம் முழுக்கச் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவருடைய ஆள் வந்து அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்று காதில் சொன்னபோதும் எழுந்திருக்கவில்லை. நான் அடுப்படியில் நின்று அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

பிறகு அவருடைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், இதை விவாத மேடையில் சொல்லலாமா என்று கேட்டார்கள். ஜனெல் அம்மாவைக் கேட்டாள். என் கடையில் வைத்துத்தான் கேட்டாள். லவோன் யோசிக்கவே இல்லை.

"சொல்லட்டும்டி. பெரிய பெரிய ஆளுங்க கேக்கட்டும். வார்டை மூடுனவன் காதுலயும் விழட்டும்."

ஜனெல் உள்ளே போனதும் லவோன் என் பக்கம் குனிந்து, தன் ஓட்டு மெர்டனுக்குத்தான் என்று சொன்னாள். அப்படியானால் அவருடைய பேட்ஜைக் குத்திக்கொள் என்றேன். அவள் முகம் மாறியது. இன்னொரு விவாதம் இருக்கிறதாம். முடிவு செய்துவிட்டவர்களைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்களாம். "அது முடியற வரைக்கும் வாயத் தொறக்காதடி" என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது அவள் விஷயம் என்று விட்டுவிட்டேன்.

விவாத நாளன்று கடையில் உட்கார இடமில்லை. ஜனெலுக்கு விடுமுறை தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். நல்ல சட்டை போட்டு, தலையைப் பின்னிக்கொண்டு வந்திருந்தாள். வீட்டில் தனியாகக் கேட்க முடியாது என்றாள்.

மெர்டனுக்கு வாய்ப்பு வர வெகுநேரமாயிற்று. வந்ததும் கதையைத் தொடங்கினார். என் மேஜையில் அவ்வளவு நன்றாகக் கேட்ட மனிதருக்கு மேடையில் சொல்ல வரவில்லை. மாதத்தைத் தப்பாகச் சொல்லித் திருத்தினார். குழந்தை என்று சொல்ல வேண்டிய இடத்தில் தண்ணீர் டம்ளரை எடுத்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் நிறுத்தாமல் பேசினார். பக்கத்தில் நின்ற வேட்பாளர், கவர்னருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாதபோது பட்ஜெட் எப்படிப் பார்ப்பார் என்று ஏதோ சொன்னார். அரங்கம் சிரித்தது. திரையின் அடியில் கோடு கொஞ்சம் ஏறி, அந்தச் சிரிப்போடு விழுந்தது. வெண்டல் பழக்கதோஷத்தில், "மணி அடிச்சா நிறுத்தணும்யா" என்றான். சொன்ன பிறகுதான் ஜனெல் அங்கே நிற்பது அவனுக்கு உறைத்தது. காபி கோப்பைக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டான்.

விவாதம் முடிந்து குழுவைக் காட்டினார்கள். முன் வரிசையில் லவோன், நீலக் கம்பளிச் சட்டை, உதட்டில் லேசான சாயம். யார் ஜெயித்தது என்று தொகுப்பாளர் கேட்டார். கைகள் எழுந்தன, இறங்கின. பிறகு கேட்டார்: ஒரு தாயின் கதையை மெர்டன் சொன்னாரே, அதைக் கேட்டு அவர் பக்கம் மனசு திரும்பியவர்கள் யாராவது உண்டா, கை தூக்குங்கள்.

கேமரா இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது. லவோன் இடது பக்கம் இருந்தவரைப் பார்த்தாள். வலது பக்கம் இருந்தவரைப் பார்த்தாள். அவள் இரண்டு கையும் மடியிலேயே இருந்தன.

"ஒரு கைகூட இல்லையா?" என்று தொகுப்பாளர் கேட்டார். பிறகு நேரே லவோனிடம் வந்து, உங்களுக்கு அந்தக் கதை எப்படி இருந்தது என்றார்.

"கேக்கக் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றாள் லவோன். கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இன்னும் பாக்கணும்."

குழு சிரித்தது. அது அவளுடைய வசனம் ஆயிற்றே.

என் கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஜனெல் கையில் காபி பாத்திரம் இருந்தது. ஒவ்வொரு மேஜையாகப் போய், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் கோப்பை நிறைய ஊற்றினாள்.  பிறகு அடுப்படிக்குப் போய் ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் லவோன் வந்தாள். தூங்கியிருக்க மாட்டாள் என்று பார்த்ததும் தெரிந்தது. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"நீவா, அவர் அதைச் சொல்லும்போது நான் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினேன்டி. அதுக்கு மேல திருக முடியாது. கோடு ஏறினதப் பாத்தல்ல? அதுல நானும் இருக்கேன்."

கோட்டில் உன் பெயர் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன்.  மனசில் இருப்பதைத் திருகிக்கொண்டிருக்கலாம், யார் கண்டார்கள்? ஊரே பார்க்கத் தூக்க வேண்டிய கையை அவள் தூக்கவில்லை. அதைத்தான் நான் சொன்னேன், இதைவிடக் கடுமையாகவே சொன்னேன்.

வழக்கம்போல வேலைக்கு வந்திருந்த ஜனெல் அடுப்படியிலிருந்து வந்தாள். சண்டை வரும், கத்துவாள், அழுவாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். அவள் அம்மாவின் முன்னால் கோப்பையை வைத்து, "காபி போதுமா, வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள். வழிப்போக்கர்களிடம் கேட்கிற அதே குரல், அதே சிரிப்பு. லவோன் அவள் கையைப் பிடிக்கப் போனாள். ஜனெல் கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, "சினமன் ரோல் சூடா இருக்கு, வேணும்னா சொல்லுங்க" என்று அடுத்த மேஜைக்குப் போனாள். எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பித்துவிட்டால் நிலைமை ரொம்ப மோசம் என்று அர்த்தம்.

'ஒரு கைகூட இல்லையா' என்கிற அந்தத் துண்டுக் காட்சியை ஒரு வாரம் எல்லாச் சேனலிலும் போட்டார்கள். மெர்டனின் கூட்டங்களுக்கு ஆள் வருவது குறைந்தது. அடுத்த விவாத மேடையில் நிற்கக் கருத்துக்கணிப்பில் அவருக்கு ஆதரவு போதவில்லை. ஒரு கை எழுந்திருந்தால் அவர் ஜெயித்திருப்பாரா? மாட்டார். கடைசிக்கு முந்தின இடத்திலிருந்து ஓர் இடம் மேலே வந்திருப்பார், அவ்வளவுதான். இதை நான் ஜனெலிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவள் மெர்டனைப் பற்றிக் கவலைப்படவே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

லவோனை மறுபடியும் கூப்பிட்டார்கள். போனாள். புகழுக்குப் போகவில்லை, டிவியிலேயே சொல்லிவிட்டு வருகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். இன்னும் முடிவு செய்யாதவர்கள் கை தூக்குங்கள் என்றபோது அவள் தூக்கவில்லை. நம் லவோன் முடிவு செய்துவிட்டாரா என்று தொகுப்பாளர் ஆச்சரியப்பட்டார். யார் என்று கேட்டார். "மெர்டன்" என்றாள். அவர் இன்றைக்கு மேடையிலேயே இல்லையே என்று தொகுப்பாளர் இதமாகச் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான். கடையில் நாங்கள் பார்த்தோம். ஜனெல் அன்று வேலைக்கு வரவில்லை. விவாதம் என்றால் டிவியை அணைத்துவிடுகிறாள் என்று கோடி சொன்னான். லவோன் வீட்டுப் போன் அந்த வாரத்தோடு நின்றுபோனது.

பிப்ரவரியில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற காக்கஸ் கூட்டம் வந்தது. நாங்கள் சீட்டில் குறித்துப் பெட்டியில் போடுகிறவர்கள் இல்லை. பள்ளிக்கூட ஜிம்மில் கூடி, அவரவருக்குப் பிடித்த வேட்பாளரின் பெயர் ஒட்டிய சுவரோரம் போய் நிற்போம். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் நிற்பான். எதிலும் சேராதவர்களுக்கும் ஒரு மூலை உண்டு. ஆட்களை எண்ணுவோம். சுமார் ஆறில் ஒரு பங்காவது தேறாத கூட்டம் கலைந்து வேறு கூட்டத்தோடு சேர வேண்டும், அல்லது வீட்டுக்குப் போக வேண்டும். வேறு யாரும் முன்வராததால் அந்த வருஷம் தலைமை நான்தான்.

மெர்டன் ஒரு வாரத்துக்கு முன்பே விலகிவிட்டார். அவர் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. ஜனெல் வந்தாள். கூடைப்பந்து வளையத்தின் கீழே, ஒன்றும் ஒட்டாத சுவரில் போய்த் தனியாக நின்றாள். யாருக்காக என்று முறைப்படி கேட்டேன். மெர்டன் என்றாள். விலகியவருக்காக நிற்கக் கூடாது என்று சட்டமில்லை.

பிறகு லவோன் வந்தாள். கதவருகே நின்று சுற்றிப் பார்த்தாள். ஜிம்மின் நடுவாக, அத்தனை பேரும் பார்க்க, குறுக்கே நடந்து போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். ஜனெல் விலகவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.  சரியாகிவிட்டது என்றுகூட நினைத்துவிட்டேன்.

எண்ணினேன். அந்தச் சுவரில் இரண்டு பேர். போதாது, கலைய வேண்டும் என்று நானே போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. அதே நேரம் எதிலும் சேராதவர்கள் மூலையில் கணக்குத் தேற ஓர் ஆள் குறைந்தது. வெண்டல் அங்கேதான் நின்றான். கெட்டவன் இல்லை, வாய்தான் முந்திக்கொள்ளும்.

"லவோன், இங்க வா. உன் இடம் இதுதானே" என்று கூப்பிட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"போம்மா. கூப்பிடுறாங்க" என்றாள் ஜனெல்.

"நான் உன்கூட நிக்கத்தான்டி வந்தேன்."

ஜனெல் அப்போதுதான் அம்மாவைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"கார்ல அவளை நீதானேம்மா வச்சிருந்த. என்கிட்ட குடுக்கக்கூட மாட்டேன்னு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்த. அந்தக் கையத்தான் நீ தூக்குவேன்னு நான் எதிர்பாத்தேன். மெர்டனுக்காகவா எதிர்பாத்தேன்?"

  ஜனெல் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். லவோன் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. வெண்டல் மறுபடி கூப்பிடவில்லை. நாங்கள் பேசி முடித்து, நாற்காலிகளை மடித்து அடுக்கும்வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள். அவளை எந்தக் கணக்கிலும் சேர்க்க எனக்கு வழியில்லை.

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளாமல் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஜனெல் அம்மா வீட்டுக்குப் போனாள், ஹாம் கறி கொண்டுபோனாள், பாத்திரம் கழுவிவைத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

அடுத்த வருஷம் ஜனெல் மறுபடி உண்டானாள். இந்த முறை வழியில் எதுவும் நடக்கக் கூடாது என்று, நாள் நெருங்குவதற்கு முன்பே நகரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினாள். துணைக்குக் கோடியின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். லவோனுக்கு அந்தச் செய்தி என் மூலமாகத்தான் தெரியும். ஓ, நல்லதுதான், அந்தம்மா பொறுமைசாலி என்றாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, கடை மூடும்வரை என் போனுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஜனெலின் குரல் களைத்திருந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம் என்றாள். நான் சத்தமாகச் சொன்னேன், கடையே கைதட்டியது. லவோன் எழுந்து நின்றுவிட்டாள்.

"அம்மா அங்க இருக்காங்களா?" என்று ஜனெல் கேட்டாள்.

"இங்கதான் நிக்குறா. குடுக்குறேன் இரு."

போனை நீட்டிவிட்டேன். லவோன் கை நீட்டிவிட்டாள்.

"வேண்டாம் நீவா" என்றாள் ஜனெல். "நீங்களே சொல்லிடுங்க."

போனைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டு, சரிம்மா என்றேன். லவோன் நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். என்ன சொன்னாள் என்று கேட்டாள். உன்னிடம் சொல்லச் சொன்னாள் என்றேன். அவள் தலையாட்டினாள். மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்து மேஜையிலிருந்து யாரோ அவளிடம் கேட்டார்கள். தெரியாது என்றாள்.